புது வில்லில் அம்பு சிதறுகிறது: சைட்டைத் திருப்புவதற்கு முன்

கேள்வி: ஆறு வருடமாக 50 பவுண்டு பழைய வில் ஒன்றில் எய்துவந்தேன். போன மாதம் புதிதாக வேட்டைக்கான காம்பவுண்ட் வில் வாங்கினேன். இழுவிசை 70 பவுண்டு, இழுப்பு நீளம் 28½ அங்குலம் என்று கடையிலேயே வைத்துக் கொடுத்தார்கள். அம்புகள் மட்டும் பழையவை. தண்டில் 500 என்று எழுதியிருக்கிறது. பழைய வில்லில் 20 மீட்டரில் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்த அம்புகள், இதில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சிதறுகின்றன. பெரும்பாலும் இடப் பக்கம். ஒவ்வொரு அம்புக்கும் சைட்டை, அதாவது வில்லில் பொருத்திய குறிபார்க்கும் கருவியைத் திருப்பிப் பார்த்துவிட்டேன், நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நூறு அம்புக்கு மேல் எய்கிறேன். போகப் போக இன்னும் மோசமாகிறது. வேட்டை முனையை மாட்டினால் அது வேறொரு இடத்துக்குப் போகிறது. உரிமம் எடுத்தாகிவிட்டது, பருவம் தொடங்கப் பத்து வாரம் இருக்கிறது. வில்லின் முன்னால் நீட்டி மாட்டும் எடைத்தண்டு, ஸ்டெபிலைசர், நீளமானதாக வாங்கிப் போட்டால் சரியாகுமா? நான் வலக்கைக்காரன். இரு கைகளையும் விரித்தால் 68 அங்குலம். முழு இழுப்பில் என் மகள் எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன்.

பதில்: வணக்கம். படத்தை அனுப்பியது நல்லதாகப் போயிற்று. கடிதம் மட்டும் வந்திருந்தால் நான் திருப்பிப் பத்துக் கேள்வி கேட்டிருப்பேன். படத்தில் நாண் உங்கள் மூக்கை ஒரு பக்கமாக நசுக்கிக்கொண்டு நிற்கிறது. ரிலீஸ் (நாணைப் பிடித்து, விசையை அழுத்தியதும் விடும் கருவி) பிடித்த கை தாடையைத் தாண்டிக் காதுக்குப் பின்னால் போயிருக்கிறது. தலை பின்னால் சாய்ந்திருக்கிறது, இடுப்பும் கூடவே சாய்ந்திருக்கிறது. வில் பிடித்த கையின் முட்டி விறைத்துப் பூட்டிக்கொண்டிருக்கிறது. இந்த வில்லின் இழுப்பு நீளம் உங்களுக்கு அதிகம்.

அதற்குள் போகும் முன் சைட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைத் திருப்பும் சின்னச் சாவியை மகளிடம் கொடுத்து, நான் சொல்லும்வரை எங்கேயாவது ஒளித்துவைக்கச் சொல்லுங்கள். சைட் செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான்: அம்புகள் கூட்டமாக விழும் இடத்தை நகர்த்துவது. கூட்டத்தைச் சுருக்க அதனால் முடியாது. உங்களிடம் இப்போது இருப்பது சிதறல். நகர்த்துவதற்குக் கூட்டமே இல்லை.

கொஞ்சம் கணக்குப் போட்டால் விளங்கும். கண்ணுக்கும் சைட்டிலுள்ள 'பின்' என்ற குறிமுள்ளுக்கும் இடையில் ஏறத்தாழ 85 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பின்னை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினால் 20 மீட்டரில் அம்பு விழும் இடம் 2.4 செ.மீ. நகரும். நீங்கள் ஓர் அம்பு இடது பக்கம் போனதும் இரண்டு மில்லிமீட்டர் திருப்புகிறீர்கள். குறி கிட்டத்தட்ட 5 செ.மீ. இடம் மாறிவிட்டது. அடுத்த அம்பு தன் பங்குக்கு வேறு பக்கம் சிதறுகிறது. உடனே எதிர்த் திசையில் திருப்புகிறீர்கள். வில்லின் சிதறலோடு உங்கள் திருப்பலும் சேர்ந்துகொள்கிறது. தட்டு அளவில் பாதியாவது இப்படி வந்ததாக இருக்கும் என்பது என் ஊகம்.

சரி, நீளத்துக்கு வருவோம். சக்கரம் இல்லாத ரிகர்வ் வில்லில் எவ்வளவு தூரம் இழுப்பது என்பது உங்கள் கையில் இருக்கிறது. காம்பவுண்ட் வில்லில் அப்படி இல்லை. ஹோலஸ் வில்பர் ஆலன் என்ற அமெரிக்கர் 1966-ல் விண்ணப்பித்து 1969-ல் காப்புரிமை பெற்ற இந்த வில்லில், இரு முனைகளிலும் மையம் விலகிய சக்கரங்கள் இருக்கின்றன. நாம் கேம் என்று சொல்வது அதைத்தான். இழுக்கும்போது பாரம் உச்சத்துக்குப் போய், பிறகு சட்டென்று இறங்கி, ஓரிடத்தில் சுவரில் முட்டியதுபோல் நின்றுவிடும். அந்தச் சுவர் எங்கே இருக்க வேண்டும் என்பதைக் கேம்தான் முடிவு செய்கிறது. சுவர் உங்கள் உடம்புக்குப் பொருந்தாத இடத்தில் இருந்தால், உடம்புதான் வளைந்து கொடுத்தாக வேண்டும். உங்கள் படத்தில் நடப்பது அதுதான்.

கைவிரிப்பை அங்குலத்தில் அளந்து 2.5-ஆல் வகுப்பது பழைய வழக்கம். 68-ஐ வகுத்தால் 27.2 வருகிறது. இது தோராயம்தான், ஆளுக்கு ஆள் அரை அங்குலம் முன்பின் இருக்கும். ஆனால் 28½ என்பது அந்த வரம்பையும் தாண்டிவிட்டது. கடைக்காரர் ஏன் இப்படி வைத்தார் என்று ஊகிக்க முடிகிறது. நீளம் ஓர் அங்குலம் கூடினால் அம்பின் வேகம் வினாடிக்குப் பத்து அடியளவு கூடும். கடையில் நின்று எய்து பார்க்கும்போது அந்த வேகம் பிடித்துப்போகும். வில்லின் பெட்டியில் போட்டிருக்கும் வேகமும் பெரும்பாலும் 70 பவுண்டு, 30 அங்குலம், 350 கிரெயின் (அம்பின் எடையைச் சொல்லும் சின்ன அளவு) அம்பு என்று வைத்து எடுத்தது. உங்கள் கைக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை.

இடப் பக்கம் போவதற்கும் இந்த நீளம் ஒரு காரணமாக இருக்கலாம். வலக்கைக்காரருக்கு முகம் நாணின் இடப் பக்கத்தில் இருக்கிறது. மூக்கும் கன்னமும் நாணை வலப் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தால் அம்பின் வால் வலது பக்கம் நகர்கிறது, முனை இடது பக்கம் திரும்புகிறது. விறைத்துப் பூட்டிய முழங்கையையோ சட்டைக் கையையோ நாண் உரசினாலும் அம்பு திசை மாறும். கைமூட்டுக்கு மேலே சிவந்த கோடு விழுகிறதா என்று பாருங்கள்.

எனவே முதல் வேலை, நீளத்தை 27½-க்குக் குறைப்பது. பிறகு தேவைப்பட்டால் 27. பல வில்களில் கேமின் மேலே இருக்கும் மாட்யூல் என்ற சின்னத் தகட்டை வேறு துளைக்கு மாற்றித் திருகினால் போதும். சிலவற்றில் வில்லைப் பிரஸ் என்ற அழுத்திப் பிடிக்கும் கருவியில் பூட்டி நாணைத் தளர்த்த வேண்டியிருக்கும். எந்த வகை என்று தெரியாமல் வீட்டில் கைவைக்காதீர்கள். பிரஸ் இல்லாமல் நாணைக் கழற்ற முயன்று கையைக் கிழித்துக்கொண்டவர்கள் உண்டு. நீளத்தை மாற்றினால் நாணில் கட்டியிருக்கும், அதன் வழியாகச் சைட்டைப் பார்க்கும் பீப் வளையத்தையும் இடம் மாற்ற வேண்டிவரும். அதற்கும் சேர்த்தே நேரம் கேளுங்கள்.

அங்கேயே இழுவிசையையும் 60 பவுண்டுக்கு அருகில் இறக்கச் சொல்லுங்கள். இதைச் சொன்னால் பலருக்கு முகம் வாடும். ஒரு சோதனை செய்து பாருங்கள்: நாற்காலியில் உட்கார்ந்து, அம்பை மாட்டி, குறியை நேராகப் பார்த்து, வில்லைத் தூக்காமல் அப்படியே மெதுவாக இழுங்கள். வில் வானத்தைப் பார்க்கப் போனாலோ, கால் தரையை உந்தினாலோ, மூச்சைப் பிடித்து ஒரே வெட்டாக இழுக்க வேண்டியிருந்தாலோ, பாரம் அதிகம். 50 பவுண்டில் ஆறு வருடம் இருந்த தோள் ஒரே மாதத்தில் 70-க்குப் பழகாது. முழு இழுப்பில் பாரம் குறைந்துவிடும், 80 சதவீதம் குறையும் வில் என்றால் 70 பவுண்டு வில்லைத் தாங்க 14 பவுண்டுதான் தேவை என்பதெல்லாம் உண்மை. ஆனால் அந்த 14-க்குப் போகும் முன் 70-ஐ ஒவ்வோர் அம்புக்கும் தாண்டியாக வேண்டும். நூறு அம்பு எய்கிறீர்கள், நூறு முறை தாண்டுகிறீர்கள். கடைசி முப்பது அம்புகள் மோசமாவதில் வியப்பில்லை.

பாரம் குறைந்தால் வேட்டைக்குப் போதாதே என்ற பயம் வேண்டாம். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் மான் வேட்டைக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச இழுவிசையே 35, 40 பவுண்டு அளவில்தான் இருக்கிறது. 60 பவுண்டில், சவரக் கத்திக் கூர்மையுள்ள முனையோடு சரியான இடத்தில் விழும் அம்பு மானை ஊடுருவிப் போய்விடும். 70 பவுண்டில் வயிற்றில் விழும் அம்பால் அந்த விலங்குக்கு வேதனை, உங்களுக்கு இரவெல்லாம் தேடல். லிம்ப் எனப்படும் வில்லின் மேல், கீழ் வளைதகடுகளைப் பிடித்திருக்கும் போல்ட்களைத் தளர்த்திப் பாரத்தைக் குறைப்பார்கள். மேலும் கீழும் சமமாகத் திருக வேண்டும், தயாரிப்பாளர் சொன்ன சுற்றுக்கு மேல் போகக் கூடாது.

இனி அம்புகள். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த 500 என்ற எண்தான். அது தண்டின் விறைப்பைக் குறிப்பது, ஸ்பைன் என்போம். 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகளின் மேல் தண்டை வைத்து, நடுவில் 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிட்டால் எத்தனை அங்குலம் வளைகிறதோ அதுதான் கணக்கு. 500 என்றால் அரை அங்குலம் வளைகிறது. 340 என்றால் 0.34 அங்குலம். எண் குறையக் குறையத் தண்டு விறைப்பு. உங்கள் 50 பவுண்டு வில்லுக்கு 500 பொருத்தமாக இருந்திருக்கும். 70 பவுண்டு வில் பின்னாலிருந்து உதைக்கும்போது அதே தண்டு நாண் விடும் தருணத்தில் அளவுக்கு மீறி வளைந்து, நெளிந்துகொண்டே வெளியேறும். ஒவ்வோர் அம்பும் கொஞ்சம் வேறு மாதிரி நெளியும். இறகுகள் அதை நிமிர்த்துவதற்குள் பாதித் தூரம் போயிருக்கும். நீங்கள் எவ்வளவு அழகாக எய்தாலும் இந்த அம்புகள் கூட்டமாக விழாது.

விழாது என்பதோடு போகவில்லை, ஆபத்தும்கூட. மெல்லிய கார்பன் தண்டு வில்லை விட்டுக் கிளம்பும்போதே உடைந்தால் அதன் சிலும்பு வில் பிடித்த கைக்குள் இறங்கும். இன்றே அந்த அம்புகளை எடுத்து, ஒவ்வொன்றையும் இரு முனையிலும் பிடித்து, முகத்துக்குத் தள்ளிவைத்து லேசாக வளைத்து, கொஞ்சம் சுழற்றி மறுபடி வளைத்துப் பாருங்கள். மெல்லிய முறிவுச் சத்தம் கேட்டாலோ, விரலில் நார் குத்தினாலோ அதை உடைத்தே போட்டுவிடுங்கள். அம்புக்கட்டில் திரும்பி வைத்தால் ஒரு நாள் அது வில்லில் ஏறிவிடும். மற்றவற்றைப் பழைய வில்லோடு வையுங்கள்.

புது அம்பை நீளமும் பாரமும் முடிவான பிறகே வாங்குங்கள். தயாரிப்பாளரின் அட்டவணையில் இழுவிசை, தண்டின் நீளம், முனையின் எடை மூன்றையும் வைத்துப் பார்த்தால் உங்களுக்கு 400-க்குப் பக்கத்தில் வரும் என்று நினைக்கிறேன். மொத்த எடை பவுண்டுக்கு ஆறேழு கிரெயின் கணக்கில் இருக்கட்டும். 60 பவுண்டுக்கு 400 கிரெயின், அதாவது ஏறக்குறைய 26 கிராம். பவுண்டுக்கு ஐந்து கிரெயினுக்குக் கீழே இறங்கினால் அம்பு எடுக்காத சக்தியெல்லாம் வில்லுக்குள்ளேயே திரும்பும், வெற்று நாணை விட்டதற்கு அடுத்தபடியான கேடு அது.

இவ்வளவும் முடிந்து வில் கைக்கு வந்ததும் உங்கள் வேலை தொடங்குகிறது. மூன்று விஷயம்தான், ஆனால் மூன்றும் சிரமமானவை.

முதலில் பிடி. வில்லைப் பிடிக்கவே கூடாது என்று நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு. இடது கையை நீட்டி, ஒருவரை 'நில்' என்று தடுப்பதுபோல் உள்ளங்கையைக் காட்டுங்கள். கொஞ்சம் சாய்த்து, விரல் மூட்டுகளின் வரிசை தரைக்கு 45 பாகை இருக்கும்படி செய்யுங்கள். கட்டைவிரலின் அடியில் ஒரு சதைமேடு இருக்கிறது அல்லவா, ஆயுள்ரேகைக்கு வெளிப்புறம் இருப்பது, அது மட்டும்தான் வில்லின் பிடியைத் தாங்க வேண்டும். ரேகையைத் தாண்டி உள்ளங்கையின் மறுபாதி படக் கூடாது. பட்டால் வில் திருகும். விரல்கள் தளர்ந்து தொங்கட்டும். மணிக்கட்டில் வார் மாட்டிக்கொள்ளுங்கள், வில் கீழே விழுந்துவிடும் என்ற பயம் போய்விடும். அந்தப் பயம் இருக்கும்வரை விரல்கள் அம்பு கிளம்பும் கணத்தில் தாமாகவே வில்லைப் பற்றும். பக்கத்தில் ஒருவரை நிற்கவைத்து, அம்பு போன பிறகு வில் என்ன செய்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். நேராக முன்னால் பாய்ந்து வாரில் விழுந்தால் பிடி சரி. இடது பக்கமோ வலது பக்கமோ வெட்டித் திரும்பினால் நீங்கள் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது, கை வந்து நிற்கும் இடம். நீளம் சரியானதும் ரிலீஸ் பிடித்த கையின் விரல் மூட்டுகள் தாடை எலும்பின் அடியில் தானாகவே வந்து பொருந்தும். நாண் மூக்கின் நுனியையும் வாயின் ஓரத்தையும் தொடும், அழுத்தாது. இப்போது கண்ணை மூடிக்கொண்டு இழுத்து, கையை அங்கே நிறுத்தி, கண்ணைத் திறங்கள். பீப் வளையம் கண்ணுக்கு நேரே இருக்க வேண்டும். அதன் வட்டத்துக்குள் சைட்டின் வட்டம் ஒரே மையத்தில் உட்கார வேண்டும். வளையத்தைத் தேடித் தலையை ஏற்றவோ இறக்கவோ செய்தால் பீப் தவறான உயரத்தில் இருக்கிறது, தலையில் தவறில்லை. கடையில் கண்ணைத் திறந்துகொண்டே வைத்துப் பார்த்துத் திருப்திப்பட்டுவிட்டு வருபவர்கள்தான் அதிகம்.

மூன்றாவது ரிலீஸ். 'பின் நடுவில் பட்டதும் அழுத்திவிடுகிறேன்' என்ற வரியை நீங்கள் எழுதவில்லை, ஆனால் சிதறல் அப்படித்தான் சொல்கிறது. ஏறக்குறைய எல்லோரும் இதைச் செய்கிறோம். பின் ஆடிக்கொண்டே இருக்கும். உயிருள்ள கை ஆடாமல் இருக்காது. நடுவைத் தாண்டும் அந்தக் கணத்தைப் பிடித்துவிட வேண்டுமென்று விரல் சுண்டுகிறது. சுண்டுவதற்கு அரைக் கணம் முன்னாலேயே தோள் விறைக்கிறது, வில் கை ஒரு குலுக்குக் குலுங்குகிறது. ஆட்டத்தால் தவறியிருக்கக்கூடியதைவிடக் குலுக்கலால் தவறுவது பல மடங்கு.

மாற்று இது. சுட்டுவிரலின் நுனியை விசையில் வைக்காதீர்கள். ரிலீஸின் வாரைச் சுருக்கி, விரலின் இரண்டாவது மூட்டு விசைமேல் கொக்கிபோல் விழும்படி செய்யுங்கள். பின் குறியில் மிதக்கட்டும், அதை நிறுத்த முயலாதீர்கள். விரலை அசைக்காமல், வலது முழங்கையை மட்டும் பின்னால், கொஞ்சம் முதுகுப் பக்கமாக இழுத்துக்கொண்டே இருங்கள். இரண்டு தோள்பட்டை எலும்புகளும் நெருங்கும். அந்த இழுப்பிலேயே விசை விழும், எப்போது என்று உங்களுக்கே தெரியாமல். திடுக்கிட வேண்டும். திடுக்கிட்டால் சரியாகச் செய்கிறீர்கள்.

இதைக் குறியை வைத்துக்கொண்டு கற்றுக்கொள்ள முடியாது. குறி இருந்தால் மனம் அதன் பின்னால் போய்விடும். முதல் இரண்டு வாரம் பெரிய வைக்கோல் கட்டோ ஃபோம் கட்டோ வைத்து, மூன்று மீட்டர் தள்ளி நின்று, குறி எதுவும் ஒட்டாமல் எய்யுங்கள். இழுத்து நிலைத்த பிறகு கண்ணை மூடிக்கொள்ளலாம். கட்டு தோளுயரம் இருக்கட்டும், பின்னால் யாரும் இல்லை என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். அலுப்பான பயிற்சிதான். கண் மூடியிருக்கும்போது கட்டைவிரல் மேட்டில் அழுத்தம் எங்கே விழுகிறது, முதுகு எப்போது தளர்கிறது என்பதெல்லாம் முதன்முறையாகத் தெரியும். நாளுக்கு இருபது, முப்பது அம்பு போதும். வாரத்தில் நாலைந்து நாள். ஞாயிற்றுக்கிழமை நூறு என்ற வழக்கத்தை விட்டுவிடுங்கள். களைத்த தோளோடு எய்யும் அம்பு தப்பான அசைவைத்தான் பழக்குகிறது. தோளில் நடுக்கம் வந்தால், எண்ணிக்கை முடியாவிட்டாலும், அன்றைக்கு அவ்வளவுதான்.

அப்புறம் 10 மீட்டருக்குப் போங்கள், பிறகு 20. மூன்று மூன்று அம்புகளாக எய்து, ஒவ்வொரு முறையும் கூட்டம் எவ்வளவு அகலம் என்று மட்டும் குறித்துவையுங்கள். எங்கே விழுகிறது என்பதைக் கண்டுகொள்ளாதீர்கள். 20 மீட்டரில் கூட்டம் பழையபடி உள்ளங்கை அகலத்துக்குள் வந்துவிட்டால், நாலைந்து சுற்று அப்படியே நின்றால், மகளிடமிருந்து சாவியை வாங்குங்கள். அம்பு போன பக்கமே பின்னை நகர்த்த வேண்டும்: கூட்டம் இடது பக்கம் என்றால் பின்னும் இடது பக்கம், கூட்டம் கீழே என்றால் பின்னும் கீழே. மேலே சொன்ன கணக்கை வைத்துத் திருப்புங்கள். மேல் பின் 20 மீட்டருக்கு, அடுத்தது 30-க்கு. 40-க்கான பின்னை இந்தப் பருவத்தில் நினைக்கவே வேண்டாம்.

இந்த நேரத்தில் வில்லையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். புது நாண் முதல் நூறு, இருநூறு அம்புகளில் கொஞ்சம் நீளும். நீண்டால் பீப் திரும்பிக்கொள்ளும், இரண்டு கேம்களும் ஒரே நேரத்தில் சுவரைத் தொடாமல் போகும். வாங்கிய நிலையில் கேம் லிம்ப்பை ஒட்டி எங்கே நிற்கிறது என்று மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைத்தால், பிறகு விலகியிருக்கிறதா என்று ஒரே பார்வையில் தெரியும். சைட், ரெஸ்ட் (அம்பு உட்காரும் தாங்கி) இரண்டின் திருகுகளும் அதிர்வில் தளரும். தளர்ந்த ரெஸ்ட்டோடு பிடியைத் திருத்திக்கொண்டிருப்பது வீண் பாடு.

காகிதச் சோதனை பற்றி உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள்: சட்டத்தில் இறுக்கிய காகிதத்தின் வழியாக இரண்டு மீட்டரிலிருந்து எய்து, கிழிசலைப் பார்ப்பது. முனை உருண்டையான துளை போடும், இறகுகள் அதைச் சுற்றி மூன்று கீறல் போடும். கீறல்கள் துளைக்குச் சுற்றிலும் சமமாக இருந்தால் அம்பு நேராகப் போகிறது. ஒரு பக்கம் நீண்டால் வால் அந்தப் பக்கம் தள்ளிப் போகிறது. நல்ல சோதனைதான். ஆனால் பிடி நிலைப்பதற்கு முன் செய்யாதீர்கள். திருகும் கைக்கு ஏற்றபடி வில்லைச் சரிசெய்துவிட்டு, பிறகு கை சரியானதும் வில் கெட்டுவிட்டதென்று அலைவீர்கள்.

வேட்டை முனை வேறு இடத்துக்குப் போவதில் மர்மம் ஒன்றும் இல்லை. பயிற்சி முனையும் அதுவும் ஒரே 100 கிரெயின் எடையாக இருக்கலாம், ஆனால் ஒன்றில் முன்பக்கம் அலகுகள் இருக்கின்றன. அம்பு கொஞ்சம் கோணலாகக் கிளம்பினாலும் அந்த அலகுகள் காற்றைப் பிடித்து, பின்னாலுள்ள இறகுகளோடு மல்லுக்கு நிற்கும். பயிற்சி முனை மறைத்துவைத்த கோணலை வேட்டை முனை காட்டிக்கொடுக்கிறது. 500 தண்டை மாற்றியதுமே இந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி போய்விடும் என்று நம்புகிறேன்.

மிச்சம் இருப்பதை இப்படிச் சரி செய்யலாம். முதலில், வேட்டை முனை மாட்டிய அம்பைச் செங்குத்தாக மேசைமேல் நிறுத்திச் சுழற்றுங்கள். முனை தள்ளாடினால் அந்த அம்பை ஒதுக்கிவிடுங்கள். பிறகு 20 மீட்டரில் இரண்டு வகையிலும் மூன்று மூன்று அம்பு. வேட்டை முனைகள் பயிற்சி முனைகளுக்கு இடப் பக்கம் விழுந்தால் ரெஸ்ட்டை வலப் பக்கம் நகர்த்துங்கள். வலப் பக்கம் விழுந்தால் இடப் பக்கம். கீழே விழுந்தால் மேலே. பயிற்சி முனை இருக்கும் பக்கம் நோக்கி ரெஸ்ட் போக வேண்டும், அவ்வளவுதான் விதி. ஒரு தடவைக்கு அரை மில்லிமீட்டர். அதற்கு மேல் நகர்த்த ஆசை வரும். இரண்டு கூட்டங்களும் ஒன்றாகச் சேர்ந்த பிறகுதான் சைட்டைத் தொட வேண்டும். அம்புக்கு ஒரு தனிப்புள்ளி வைத்து எய்யுங்கள், இல்லாவிட்டால் ஓர் அலகு இன்னொரு தண்டை வெட்டும். பயிற்சிக்குப் பயன்படுத்திய அலகை வேட்டைக்குக் கொண்டுபோகாதீர்கள், கூர் போயிருக்கும். மாட்டும்போதும் கழற்றும்போதும் அதற்கென்று தரும் சாவியைத்தான் பயன்படுத்த வேண்டும், விரலை அல்ல.

கடைசி மூன்று வாரத்தைக் களத்துக்கு ஒதுக்குங்கள். போட்டுக்கொண்டு போகப்போகும் தடித்த மேல்சட்டையோடு எய்து பாருங்கள், நாண் கையில் தட்டுகிறதா என்று அப்போதுதான் தெரியும். முட்டியிட்டு, உட்கார்ந்து, உயரத்தில் நின்று. உயரத்தில் நிற்பதானால் பாதுகாப்பு வார் கட்டாமல் ஏறாதீர்கள். மேலிருந்து கீழே எய்யும்போது கையை மட்டும் இறக்காமல் இடுப்பிலிருந்து வளையுங்கள், அப்போதுதான் கண், கை, நாண் மூன்றும் பழைய இடத்திலேயே இருக்கும். தூரமும் மாறுகிறது: 30 பாகைச் சரிவில் கண்ணுக்கு 30 மீட்டர் என்றால், அம்புக்கு அது கிடைத்தூரக் கணக்கில் 26 மீட்டர்தான். 30-க்கான பின்னை வைத்தால் மேலே போய்விடும். சரிவில் நின்றால் வில்லும் சாயும். சைட்டிலுள்ள நீர்மட்டக் குமிழி நடுவில் இருக்கிறதா என்று ஒரு பார்வை. வில்லின் மேல்நுனி வலப் பக்கம் சாய்ந்தால் அம்பும் வலப் பக்கம் போகும்.

எந்தத் தூரம் வரை எய்யலாம் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்லியாக வேண்டியது. காலையில் வில்லை எடுத்ததும், ஒத்திகை எதுவும் இல்லாமல், ஒரே ஓர் அம்பு. அதை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: தூரம், எவ்வளவு விலகியது. காட்டில் உங்களுக்குக் கிடைப்பது அந்த முதல் அம்புதான், சூடேறிய பதினைந்தாவது அம்பு இல்லை. மானின் இதயமும் நுரையீரலும் உள்ள பகுதி ஏறத்தாழ 20 செ.மீ. வட்டம். எந்தத் தூரத்தில் உங்கள் முதல் அம்பு நாள் தவறாமல் அதற்குள் விழுகிறதோ, அதுதான் உங்கள் எல்லை. நண்பர் 50 மீட்டரில் எய்கிறார் என்பது அவர் பாடு. இன்னொன்றும் உண்டு. வினாடிக்கு 80 மீட்டர் வேகத்தில் போகும் அம்புக்கு 30 மீட்டரைக் கடக்க முக்கால் வினாடியில் பாதி, அதாவது 0.37 வினாடி வேண்டும். நாணின் சத்தம் 0.09 வினாடியில் போய்ச் சேர்ந்துவிடும். மிச்ச நேரம் விலங்கினுடையது. மிரண்ட மான் ஓடுவதற்காகக் கால்களை மடக்கி உடம்பைத் தாழ்த்தும், அம்பு முதுகுக்கு மேலே போகும். தலையைத் தூக்கிக் காதை உங்கள் பக்கம் திருப்பி நிற்கிற மானின் மேல் எய்யாதீர்கள், அது 20 மீட்டரிலேயே நின்றாலும்.

ஸ்டெபிலைசர் விஷயத்துக்கு வருகிறேன். முன்னால் நீட்டிய எடை வில் திருகுவதை மந்தப்படுத்தும், பின் ஆடும் வேகத்தையும் குறைக்கும், உண்மைதான். ஆனால் இப்போது வாங்கிப் போட்டால் ஏற்கெனவே கனக்கும் வில்லில் இன்னும் கனம் ஏறும், பிடியின் தவறும் கொஞ்சம் மறைந்துகொள்ளும். எட்டாவது வாரத்தில் கூட்டம் சுருங்கி, அப்போதும் பின் குறியைச் சுற்றி வேகமாக அலைகிறது என்றால் யாரிடமாவது ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள். எட்டு, பத்து அங்குலத்துக்கு மேல் நீளம் வேண்டாம், புதரில் சிக்கும். அந்தக் காசுக்கு இப்போதைக்குச் சரியான தண்டுகள் ஆறு வாங்குங்கள். நீளத்தைக் குறைத்த பிறகு, அதே கோணத்தில் மகளை இன்னொரு படம் எடுக்கச் சொல்லி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.